நண்டும் புற்றும்

கட்டி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே கலங்கிவிடுவோர் நம்மிடையே பலர். அது எத்தகையது என்று வினவுமுன்பே அச்சம் முந்திக்கொள்கிறது. இச்சொற்கள் பிறந்த வரலாற்றை அறிந்தால் அவ்வச்சம் ஓரளவேனும் தெளியும் என நாம் கருதுகிறோம்.

இவற்றுட் பல எளிய பொருளுடையனவே. கிரேக்கர் ‘ஒங்கோஸ்’ என்றனர். திரட்சி என்பது பொருள். ‘ஆன்காலஜி’ என்னும் இக்காலப் பெயர் அதன் வழிவந்தது. லத்தீனின் ‘டியூமர்’ வீங்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கி.பி. முதல் நூற்றாண்டினரான உரோம அறிஞர் செல்ஸஸ், அழற்சியின் அடையாளங்களாகச் செம்மை, வீக்கம், வெம்மை, வலி என நான்கைக் கூறினார். அவ்வீக்கத்திற்கு அவர் வழங்கிய சொல்லே டியூமர். அரபியில் ‘வரம்’ என்பதும் வீக்கமே. நம் தமிழ் வரத்தோடு அதற்கு உறவில்லை.

கொடிய கட்டிக்கோ தனிப்பெயர் வேண்டியிருந்தது. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள் அதனைக் ‘கார்க்கினோஸ்’, அதாவது நண்டு, என்றன. மார்பகக் கட்டியின் இருபுறமும் புடைத்தோடும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருப்பதைக் காலன் விளக்கினார். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் காலனின் நூல்களை அரபியில் பெயர்த்தனர். அரபு மருத்துவம் கிரேக்க ஒலியைக் கடன் வாங்கவில்லை. பொருளை ஏற்று ‘ஸரதான்’ என்றது. அதுவும் நண்டே. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ அச்சொல்லையே ஆண்டது. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரிமோனா ஜெரார்டு அந்நூலை லத்தீனாக்கினார். லத்தீனில் ‘கான்ஸர்’ என்பதும் நண்டே.

தமிழோ நண்டை நாடவில்லை. கறையான் புற்றைக் கண்டது. வெளியே சிறு மேடு, உள்ளே எங்கெங்கோ ஓடும் வளைகள். கண்ணுக்குத் தெரிவதினும் தெரியாதது மிகுதி என்னும் உண்மை அவ்வுவமையில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கழுத்தில் வரிசையாய்த் திரளும் கட்டிகளை அரபியர் ‘கனாஸீர்’ என்றும், லத்தீனர் ‘ஸ்க்ரோஃபுலா’ என்றும் பன்றியின் பெயரால் அழைக்க, நம்மவர் ‘கண்டமாலை’ என்றதும் இத்தகைய தனிப்பார்வையே.

பெயரிட்டதோடு அம்மருத்துவர்கள் நின்றுவிடவில்லை. கி.பி. 1000ஐ ஒட்டிக் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவீ, தம் ‘தஸ்ரீஃப்’ நூலில், தொடக்க நிலையில், சிறிதாக, முழுவதும் அகற்றத்தக்க இடத்தில் உள்ள ஸரதானை அறுத்தெடுக்கலாம் என்றார். நாள்பட்டுப் பெருத்ததை அணுகலாகாது என்றும், அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்றும் ஒளியாது எழுதினார்.

இன்று மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆயினும் காலம் தாழ்த்தலாகாது என்னும் அவ்வறிவுரை மாறவில்லை. கட்டிகள் எல்லாம் புற்றல்ல; பெரும்பாலானவை தீங்கற்றவை. எது எத்தகையது என்பதை ஆய்ந்து சொல்ல வேண்டியவர் மருத்துவர். பெயருக்கு அஞ்சிக் கட்டியை மறைத்து வைப்போர், அவரிடம் காட்ட வேண்டிய காலத்தையே இழக்கின்றனர்.