வெண்ணெயின் சுவையும் விலையும்

சென்ற தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து லாபிசுக்கு வந்திருந்த என் மருமகன், பலகாரங்களுக்கு நடுவே பிரெஞ்சு நாட்டு வெண்ணெய்க் கட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். நம் பட்டணத்துக் கடைகளில் விற்கும் வெண்ணெயைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. சுவையில் உண்மையாகவே வேறுபாடு உண்டா, சுற்றியிருக்கும் தாளுக்குத்தான் அந்த விலையா என்று வீட்டில் ஒரு வாக்குவாதம் மூண்டது. எழுபதைக் கடந்த என் தமக்கையார் ஒரு துண்டை நாவில் இட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பி, இது நம் லயத்து வெண்ணெய்" என்றார்.

எல்லாரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரியென்று என் நாவும் கூறியது. தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயும், செல்வர் வீட்டு மேசைக்கென்று விற்கப்படும் வெண்ணெயும் ஒரே சுவையுடையனவாக இருப்பது எங்ஙனம்? அதை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தமிழர் வெண்ணெய் எடுக்கும் முறை மிகப் பழமையானது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, உறைமோர் ஊற்றி, இரவு முழுதும் புளிக்க விட்டு, விடியலில் தயிரைத் தாழியில் இட்டு மத்தால் கடைவதே அம்முறை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், விடியலில் தயிர் கடைந்து, மோரைத் தலையில் சுமந்து சென்று விற்று வருகிறாள். நெய்யை விற்குமிடத்துப் பொன்னை ஏற்காமல் எருமையும் பசுவும் பெற்றுக்கொள்ளும் அவள் கணக்கு வியக்கத்தக்கது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலோ, குடத்துப் பால் உறையாமையும் உறியிலிருந்த வெண்ணெய் உருகாமையும் தீ நிமித்தங்களாகக் காட்டப்படுகின்றன. பால் உறைதலும் வெண்ணெய் உருகுதலும் அன்றாட இயல்பாய் இருந்த மக்களுக்கே அவை பிறழ்ந்தால் அச்சம் தோன்றும்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நம் வெண்ணெய் பாலிலிருந்து வருவதன்று, தயிரிலிருந்து வருவது. புளிப்பு முந்தியது, வெண்ணெய் பிந்தியது.

ஐரோப்பாவிலும் முற்காலத்தில் நிலைமை பெரிதும் இதுவே. அங்கே பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றி, ஏடு மேலே படியும்வரை ஒரு நாளோ இரு நாளோ வைத்திருப்பர். அதற்குள் ஏடு தானே புளித்துவிடும். 1878-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் தெ லாவல், பாலைச் சுழற்றி ஏட்டைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். காத்திருக்கும் நேரம் ஒழிந்தது. அதனோடு புளிப்பும் ஒழிந்தது. டென்மார்க்கு, பிரான்சு போன்ற நாடுகளில் மட்டும், தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களை ஏட்டில் சேர்த்து வேண்டுமென்றே புளிக்க வைக்கும் வழக்கம் நிலைத்தது. அந்தப் புளிப்பில் பிறக்கும் டையசெட்டைல் என்னும் பொருளே வெண்ணெயின் மணத்துக்குக் காரணம் என்பதை 1929-இல் ஆலந்து நாட்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். ஆங்கிலேயருடைய உலகத்திலோ புளிக்காத ஏட்டு வெண்ணெயே பொது வெண்ணெய் ஆயிற்று. 1882-இல் 'டனிடின்' என்னும் கப்பல் நியூசிலாந்திலிருந்து குளிரூட்டிய அறையில் இறைச்சியோடு வெண்ணெயையும் ஏற்றிக்கொண்டு இலண்டன் சேர்ந்தது. அதன்பின் தென்கோளத்து வெண்ணெய் உப்பிட்டுக் கட்டப்பெற்று உலகெங்கும் பரவியது.

அந்த வெண்ணெய் மலாயாவுக்கும் வந்தது. சிங்கப்பூரில் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1903-இல் தொடங்கப்பெற்றது. கிம்மாசிலிருந்து லாபிஸ் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றது. 1923-இல் ஜொகூர் கடற்பாலத்தின்மீது ரயில் ஓடத் தொடங்கியதும், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு படகேறாமலே உள்நாட்டுக்கு வர வழி பிறந்தது. துரைமார் பங்களாவில் டின் வெண்ணெய். லயத்தில் தாழி வெண்ணெய். ஒரே தோட்டத்தில் இருவேறு வெண்ணெய்கள், ஒன்றை ஒன்று அறியாமல் வாழ்ந்தன.

லயத்து வெண்ணெயை நான் சிறுவயதில் அறிவேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேய்ந்த பசு. பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் அறுத்துச் சுமந்த புல். எங்கள் அன்னையார் வெண்ணெயை உருண்டையாக்கித் தண்ணீர்ச் சட்டியில் மிதக்க விடுவார். வெண்ணெய்க் கொழுப்பு 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகிவிடும். லாபிசின் நண்பகல் அதற்கு வெகு அருகில் நிற்பது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் வேறு என்ன செய்வது? பழமை என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்வது என் நோக்கமன்று. மூன்றாம் நாள் அந்த வெண்ணெயில் காறல் தட்டும். மழைக்காலத்தில் ஒருவகைப் பூஞ்சை நாற்றமும் வீசும். அதனாலேயே பெரும்பகுதி முருங்கையிலையோடு நெய்யாகக் காய்ச்சப்பட்டது. ஒரே வீட்டு வெண்ணெய் ஒரு வாரம் அமுதமாகவும் மறுவாரம் சகிக்க முடியாததாகவும் இருந்ததுண்டு.

பிறகு செம்பனை வந்தது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிக அளவில் முதன்முதலாக நடப்பெற்ற அம்மரம், 1960-களுக்குப் பின் ரப்பர்க் காடுகளை வேகமாக விழுங்கியது. இளஞ்செம்பனைக் குருத்தை மாடு மேயும் என்பதால் எங்கள் தோட்டத்தில் மாடு வளர்ப்புக்குத் தடை விதித்தனர். கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. எங்கள் பசுவை விற்ற நாளில் என் தமக்கையார் உண்ணவில்லை. வெண்ணெய் திரண்டு வருங்கால் தாழி உடைந்தது என்பார்களே, எங்களுக்குத் தாழி உடையவில்லை. அது வெறுமனே அடுப்படி மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

அதன் இடத்துக்கு வந்தது மார்ஜரின். மூன்றாம் நெப்போலியன் மலிவான வெண்ணெய்க்கு மாற்று வேண்டுமென்று பரிசு அறிவிக்க, 1869-இல் மேஷ் மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பிலிருந்து ஆக்கிய பண்டம் அது. பிற்காலத்தில் செம்பனை எண்ணெயாலும் ஆயிற்று. அதற்கு வெண்ணெய் மணம் ஊட்டுவதற்கு உற்பத்தியாளர் சேர்த்ததும் முன்னர்க் கூறிய அதே டையசெட்டைல்தான்! நாங்கள் எந்த மரத்துக்காகப் பசுவை விற்றோமோ அந்த மரத்தின் எண்ணெயை, இழந்த வெண்ணெயின் மணம் பூசி, டப்பாவில் திரும்ப வாங்கினோம்.

இனி, தொடங்கிய வழக்குக்கு வருவோம். சிறப்பு வெண்ணெய் சுவையில் உயர்ந்ததா? வெறும் வெண்ணெயாக, சற்றே இளகிய நிலையில், வெல்லத்தோடு சூடான அடையின்மேல் வைத்து உண்ணும்போது ஐயத்துக்கு இடமில்லை; புளித்த வெண்ணெயே உயர்ந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இரண்டையும் தின்றால் வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடும், குளிர் மணத்தை அடக்குவதால். கொழுப்பின் அளவு பெரிய காரணமன்று. பன்னாட்டு விதிப்படி வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 விழுக்காடு இருத்தல் வேண்டும்; பிரெஞ்சு வெண்ணெயில் அது 82 என்பர். நாவு அந்த இரண்டைத் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. மஞ்சள் நிறமும் உயர்வுக்குச் சான்றாகாது. பசும்புல்லிலுள்ள கரோட்டின் பசுவின் கொழுப்பில் தங்குவதால் வருவது அந்நிறம். எருமைப்பாலில் அது தங்காது. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே ரயில் பயணிகள் தேடி வாங்கும் ஊத்துக்குளி வெண்ணெய் வெண்மையாகவே இருக்கும். அதை மட்டமென்று சொல்ல யார் துணிவார்?

ஆனால் மாவில் பிசைந்து முறுக்காகப் பொரித்த பின்னும் வேறுபாடு தெரிகிறது என்பவரை நான் நம்புவதில்லை. காப்பிக்கடையில் காயா தடவிய ரொட்டிக்கு நடுவே வைக்கும் குளிர்ந்த துண்டுக்கோ உப்பிட்ட பொது வெண்ணெய்தான் பொருத்தம். காயாவின் இனிப்புக்கு எதிராக அந்த உப்பு வேண்டியிருக்கிறது. அங்கே பிரெஞ்சு வெண்ணெய் தோற்றுவிடும்.

மருமகன் ஊர் திரும்பிய மறுநாள், தமக்கையார் கடைப் பாலை வாங்கி உறை ஊற்றிக் கடைந்து பார்த்தார். வெண்ணெய் திரளவில்லை. கொழுப்புத் துளிகளை இயந்திரத்தால் நுண்ணியனவாக்கிக் கலந்த பாலில் அவை எளிதில் ஒன்றுகூடா என்று எடுத்துச் சொன்னேன். அவர் அதைச் செவிமடுக்கவில்லை. மறுவாரம் பாலேடு ஒரு பெட்டி வாங்கிவரச் சொல்லி, மூன்று கரண்டித் தயிர் சேர்த்து ஓரிரவு வைத்திருந்து, மூடி போட்ட போத்தலில் கால்மணி நேரம் குலுக்கினார். மஞ்சள் உருண்டை ஒன்று திரண்டு நின்றது. பிரெஞ்சு வெண்ணெயின் விலையில் பாதிகூட ஆகவில்லை. முகர்ந்து பார்த்தவர், "மணம் பாதி வந்திருக்கிறது, தம்பி, நாளைக்கு உறையைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்று கூறி, உருண்டையைத் தண்ணீரில் இட்டார்.