மருத்துவக் கடன், தூத்துக்குடி வட்டாரத்தில்

சிகிச்சைச் செலவுக்காக வாங்கி, கட்ட முடியாமல் நிற்கும் கடன். இங்கே மருத்துவமனையின் பாக்கி அங்கேயே நிற்பது குறைவு. ஆளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டுமென்ற அவசரத்தில் அது வட்டிக்காரரின் பாக்கியாக மாறிவிடுகிறது. வ.உ.சி. துறைமுகத்தைச் சுற்றியுள்ள உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. விசைப்படகு மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். நோய் இந்த மாதங்களைப் பார்த்தா வருகிறது?

தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டி எனப் பல பெயர்களில் நடக்கும் இக்கொடுக்கல் வாங்கலைத் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003 குற்றமாக்கியது. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் ரூ.30,000 வரை அபராதமும். கடன்பட்டவர் உரிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தவும் இச்சட்டம் வழி தருகிறது. பலருக்கும் தெரியாத பிரிவு இது. சட்டம் வந்து 14 ஆண்டுக்குப் பின், 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. சட்டம் மட்டும் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வங்கிக் கடனானால், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர் போனில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கவும் மருத்துவமனைக்கு உரிமையில்லை.

கடனுக்கு முன்பே கேட்க வேண்டியது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை.