அந்தக் கார் ஏன் மலிவு?

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் இங்கிலாந்தில் பர்மிங்காமில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கார் படம் அனுப்பினான். நீளமான மூக்கு, பின்பக்கம் சாய்வான கண்ணாடிக் கதவு, பார்க்க அம்சமாக இருந்தது. கூடவே குரல் பதிவு. "மாமா, இது 1973-ல செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். மூணு லிட்டர் எஞ்சின். இதே வயசுள்ள மத்த ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் பல மடங்கு விலை சொல்றாங்க. இது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு? ஏதாவது வில்லங்கம் இருக்குமா? சேத்து வச்ச காசு, அதான் பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. டிவிஎஸ் 50-ஐத் தாண்டி எதையும் ஓட்டத் தெரியாதவனிடம் போய்க் கேட்கிறான். ஆனால் அவன் கேட்டது கார் கேள்வி இல்லை, வரலாற்றுக் கேள்வி. ஒரு பொருளின் விலை எப்படி அமைகிறது என்ற கேள்வி. அதனால் மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காரின் பெயர் ரிலையன்ட் சிமிட்டார் ஜி.டி.இ. (ரிலையன்ஸ் இல்லை, ரிலையன்ட்.) சிமிட்டார் என்றால் வளைந்த வாள். அதன் உடம்பு இரும்புத் தகடு இல்லை. ஃபைபர்கிளாஸ்.

ஃபைபர்கிளாஸ் நமக்குப் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் நிறைந்திருக்கும் ஃபைபர் படகுகள் அதே பொருள்தான். (கல்யாண மண்டபத்தில் "ஃபைபர் சேர்" என்கிறோமே, அது வெறும் பிளாஸ்டிக். கண்ணாடி இழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கண்ணாடியை உருக்கி நூலாக இழுக்கும் முறை 1930-களில் அமெரிக்காவில் தொழிலாக வளர்ந்தது. அந்த இழைப் பாயை அச்சில் விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காயவிட்டால் கெட்டியான ஓடு கிடைக்கும். எடை குறைவு, துருப்பிடிக்காது.

காருக்கு இது ஏன் வந்தது? இரும்புத் தகட்டில் கார் உடம்பு செய்ய பெரிய அழுத்த இயந்திரங்களும் அதற்கான எஃகு அச்சுகளும் வேண்டும். அதற்கு ஏராளமான முதல் வேண்டும். லட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஃபைபர்கிளாஸுக்கு ஓர் அச்சு, பிசின் வாளி, பொறுமையான ஆட்கள் போதும். சின்ன கம்பெனியும் கார் செய்யலாம். போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடும் இருந்தது.

பெரிய கம்பெனிகளும் முயன்றன. அமெரிக்காவில் செவர்லே 1953-ல் கார்வெட் என்ற ஃபைபர்கிளாஸ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முதல் வருஷம் செய்தது 300 தான். பிரிட்டனில் காலின் சாப்மனின் லோட்டஸ், பிளாக்பூலில் டி.வி.ஆர்., வேல்ஸில் கில்பெர்ன் என்று பல சின்ன கம்பெனிகள் கிளம்பின. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அங்கே கொள்முதல் வரி கிடையாது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. கில்பெர்னும் அதே வருஷம் மூடப்பட்டது.

இனி மருமகன் கேள்விக்கு வருகிறேன்.

"ஃபைபர்கிளாஸ் என்பதால்தான் மலிவு" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது தவறு. 1953 கார்வெட்டும் ஃபைபர்கிளாஸ்தான், இன்று அது கொள்ளை விலை. 1962-ல் வந்த லோட்டஸ் எலான் ஃபைபர்கிளாஸ்தான், அதுவும் சிமிட்டாரைவிடப் பல மடங்கு விலை.

"நிறைய செய்ததால் மலிவு" என்று அடுத்த பதில். சில கார்களுக்கு அது பொருந்தும். 1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறை கார்வெட் மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, அதனால் இன்றும் கை எட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனால் சிமிட்டார் ஆயிரக்கணக்கில்தான் செய்யப்பட்டது, லட்சக்கணக்கில் இல்லை. அரிதான பொருள், ஆனாலும் மலிவு. அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும்.

"கார் மட்டமோ?" இல்லை. ஓகிள் டிசைன் நிறுவனத்தின் டாம் கேரன் வடிவமைத்து 1968-ல் ஜி.டி.இ. வந்தது. மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். ஸ்போர்ட்ஸ் காரிலேயே நான்கு பேர் உட்காரலாம், பின் சீட்டைத் தனித்தனியாக மடித்து சாமான் ஏற்றலாம். அன்று அது புதுமை. இளவரசி ஆனுக்கு 1970-ல் பெற்றோர் பரிசாகக் கொடுத்தது இந்தக் கார்தான். அவருக்குப் பிடித்துப்போய் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிமிட்டார்கள் வாங்கினார். அரசியின் மகளே ஓட்டிய கார். அப்படியும் விலை ஏறவில்லை.

நான் கண்ட காரணங்கள் மூன்று.

முதலாவது, பெயர். உங்களில் பலர் மிஸ்டர் பீன் பார்த்திருப்பீர்கள். அவர் தன் சின்னக் காரில் போகும்போதெல்லாம் ஒரு நீல நிற மூன்று சக்கர வண்டி பாவமாக வந்து மாட்டும். ஒரு பக்கம் கவிழும், இல்லையென்றால் ஓரங்கட்டப்படும். அந்த வண்டி ரிலையன்ட் ரீகல். சிமிட்டாரைச் செய்த அதே கம்பெனி.

இங்கிலாந்தின் டாம்வொர்த் ஊரில் 1935-ல் தொடங்கிய ரிலையன்ட், மூன்று சக்கர வண்டியில்தான் பிழைத்தது. அந்த நாட்டின் அன்றைய சட்டப்படி சுமார் 400 கிலோவுக்குள் இருந்த மூன்று சக்கர வண்டிக்கு வரி குறைவாக இருந்தது, மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமானதாக இருந்தது. எடையைக் குறைக்க 1950-களின் நடுவில் ஃபைபர்கிளாஸுக்கு மாறியது. கார் வாங்க வசதியில்லாத சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் மழையில் நனையாமல் குடும்பத்தோடு போனார்கள். என்னைக் கேட்டால் அது பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் ஏழையின் வண்டியைப் பார்த்து ஊர் சிரித்தது. 1981-ல் பி.பி.சி.யில் தொடங்கிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' நகைச்சுவைத் தொடரில் பித்தலாட்ட வியாபாரியின் மஞ்சள் வேனும் ரிலையன்ட்தான்.

லோட்டஸ் எலானுக்கு வாய்த்தது வேறு. 1960-களின் துப்பறியும் தொடர் ஒன்றில் நாயகி அதை ஓட்டினார். லோட்டஸ் காரில் ஜிம் கிளார்க் 1963, 1965 இரண்டு வருஷமும் உலகப் பட்டம் வென்றார். ஒரு பெயர் பந்தயத்தோடும் நாயகியோடும் சேர்ந்தது. இன்னொரு பெயர் கேலியோடு சேர்ந்தது.

கேலி கடல் தாண்டியும் போனது. ரிலையன்ட் உதவியோடு துருக்கியில் 1966-ல் அனடோல் என்ற ஃபைபர்கிளாஸ் கார் வந்தது. "ஆடு மேய்ந்துவிடும்" என்று அங்கே சிரித்தார்கள். நம் பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த டால்ஃபின், ரிலையன்ட்டின் கிட்டன் கார்தான். சோழவரம் பந்தயத் திடலில் டால்ஃபின்கள் ஓடின, எடை குறைவு அங்கே வரமாக இருந்தது. ஆனால் 1983 டிசம்பரில் நான்கு கதவும் தகடு உடம்புமாக மாருதி 800 வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிமிட்டாரில் இருப்பது ஃபோர்டின் மூன்று லிட்டர் எஞ்சின். அதே எஞ்சின் ஃபோர்டு காப்ரி காரிலும் வந்தது. காப்ரி தகடு உடம்பு. எல்லா எஞ்சின் வகையும் சேர்த்து 18 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இன்று நல்ல மூன்று லிட்டர் காப்ரி, சிமிட்டாரைவிட விலை அதிகம்! எப்படி? ஆங்கில மழைக்கும், குளிர்காலத்தில் அங்கே சாலையில் தூவும் உப்புக்கும் காப்ரிகள் துருப்பிடித்து, ஆயிரம் ஆயிரமாகப் பழைய இரும்புக்குப் போயின. மிஞ்சியவை சில. அப்பா ஓட்டியதை நினைத்து ஏங்கும் பிள்ளைகளோ பலர். விலை ஏறிவிட்டது. சிமிட்டாரின் உடம்பு துருப்பிடிக்கவில்லை. கொட்டகையிலும் தோட்டத்திலும் கிடந்தாலும் உருவம் குலையவில்லை. எடைக்குப் போடவும் மனம் வராது, போட்டாலும் ஃபைபருக்குக் காசு கிடைக்காது. அதனால் விற்க எப்போதும் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அழிந்தது விலை பெற்றது. நிலைத்தது மலிவானது.

மூன்றாவது காரணம், மருமகன் பயந்த வில்லங்கம். மேலே உடம்புதான் ஃபைபர்கிளாஸ். அதைத் தாங்கும் சேஸிஸ் எஃகு. தண்ணீரும் உப்பும் இரண்டுக்கும் நடுவில் தங்கி, சேஸிஸைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். தகடு கார் என்றால் துரு வெளியே தெரியும், வாங்குபவன் சுதாரித்துக்கொள்வான். இங்கே மேலே பளபளப்பு, கீழே பொக்கை. முழுசாகச் சரிசெய்ய உடம்பையே கழற்றித் தூக்க வேண்டும். உடம்பிலும் வருஷமானால் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும். தகடு என்றால் டிங்கர் வேலையில் தட்டி நிமிர்த்தலாம். இது வேறு கைப்பழக்கம். விரிசலைத் தேய்த்து எடுத்து, புதிதாக இழை வைத்து, பூசி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும், கூலியே ஏறிவிடும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது பாருங்கள். செப்பனிட ஆகும் செலவு, செப்பனிட்ட காரின் விலையைவிட அதிகம். அதனால் யாரும் முழுசாகச் செப்பனிடுவதில்லை. அதனால் சந்தைக்கு வருவதில் பாதி சுமாரான வண்டி. அதனால் விலை ஏறுவதில்லை. விலை ஏறாததால் யாரும் செப்பனிடுவதில்லை. மலிவே மலிவை வளர்க்கிறது. லோட்டஸ் எலானிலும் எஃகு சேஸிஸ்தான், அதுவும் துருப்பிடிக்கும். ஆனால் அதற்குப் பெயர் இருப்பதால், செலவு செய்தாலும் போட்ட பணம் திரும்ப வரும் என்ற தைரியம் உண்டு. அதே எலானை நீட்டிப் பின்னால் இரண்டு சீட் சேர்த்து 1967-ல் செய்தார்கள். குடும்பத்துக்கு வசதி. ஆனால் அது இரண்டு சீட் எலானைவிட இன்றும் விலை குறைவு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவன் வசதியை வாங்குவதில்லை, கனவை வாங்குகிறான். கனவில் பிள்ளைகளுக்கு இடமில்லை போலும்.

மருமகனுக்கு இதையெல்லாம் எழுதி, கடைசியில் இப்படிச் சொன்னேன்: "காரில் குறை இல்லை தம்பி, அதன் பெயரில்தான் குறை சொல்கிறார்கள். அது உனக்கு லாபம். ஆனால் பெயின்ட்டைப் பார்க்காதே. டார்ச்சும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போய், அடியில் படுத்து, சேஸிஸைத் தட்டிப் பார். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வாங்காதே. ஓட்டி சந்தோஷப்பட வேண்டுமென்றால் வாங்கு."

போன ஞாயிறு போயிருக்கிறான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூடிரைவர் அப்பம் மாதிரி உள்ளே இறங்கியதாம். அந்தக் காரை விட்டுவிட்டான். ஆனால் ஆசையை விடவில்லை. வேறொரு சிமிட்டார் தேடிக்கொண்டிருக்கிறான். தங்கைதான் என்மேல் கோபமாக இருக்கிறாள்.

இதைப் படித்த மூன்று வாரமும் ஒரு பையன் என் மனசில் வந்துகொண்டே இருந்தான். அவனுடைய இரண்டு அண்ணன்களும் என்னிடம் படித்தவர்கள், சேட்டைக்குப் பேர்போனவர்கள். அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று வருகைப் பதிவில் பெயரைப் பார்த்தேன். "ஓ, நீ அவனுங்க தம்பியா?" என்று கேட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். வகுப்பே சிரித்தது. அரையாண்டுத் தேர்வு வரை அவன் நோட்டை நான் ஒழுங்காகத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்த அன்று, இந்திய நதிகள் அத்தனையையும் அட்லஸ் பார்க்காமல் நினைவிலிருந்து வரைந்து வைத்திருந்தான். கிளை நதிகள் உட்பட. முன் பெஞ்சுக்கு மாற்றினேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை.

அவன் இந்தப் பதிவைப் படிப்பான், எப்போதும் முதல் ஆளாகப் படிப்பவன். பெயர் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். தம்பி, அன்று தப்பு என்னுடையது. உன்னைப் பார்க்காமல் உன் வீட்டுப் பெயரைப் பார்த்துவிட்டேன்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெயரைக் கேட்டு விலை போடாதீர்கள். பளபளப்பைப் பார்த்தும் போடாதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்