உடல்நலச் சேமிப்புக் கணக்கில் மிகைப் பங்களிப்பு

உடல்நலச் சேமிப்புக் கணக்கில் மிகைப் பங்களிப்பு என்பது, ஐக்கிய அமெரிக்க வரிச் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு வரம்பிற்கு மேலாகவோ, தகுதியற்ற மாதங்களுக்காகவோ ஒருவரது உடல்நலச் சேமிப்புக் கணக்கில் செலுத்தப்படும் தொகை ஆகும். இக்கணக்குகள் 2003 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் வழியாக 2004 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் பெருந்தொகையைத் தாமே செலவிடவேண்டிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளோரே இதில் சேமிக்க இயலும். 2025 ஆம் ஆண்டிற்கான வரம்பு தனிநபருக்கு 4,300 டாலர், குடும்பத்திற்கு 8,550 டாலர் ஆகும். 55 வயதைக் கடந்தோர் கூடுதலாக 1,000 டாலர் செலுத்தலாம்.

தவறு நேரும் விதம்

ஆண்டின் நடுவே பணி மாறுவோருக்கு இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியாமல் முழு வரம்பளவிற்குப் பிடித்தம் செய்துவிடுவதுண்டு. 65 வயதிற்குப் பின்னும் பணிபுரிவோரின் நிலை இன்னும் சிக்கலானது. மெடிகேர் மருத்துவமனைக் காப்பீட்டிற்குக் காலந்தாழ்த்தி விண்ணப்பித்தால், அது ஆறு மாதங்கள் வரை முன்தேதியிட்டு வழங்கப்படுகின்றது. மெடிகேரில் உள்ள மாதங்களுக்கு வரம்பு சுழியம் என்பதால், செலுத்தியபோது முறையாயிருந்த பணமும் பின்னர் மிகையாகிவிடுகின்றது.

இல்லாத மிகையும் தோன்றக்கூடும். டபிள்யூ-2 படிவத்தின் 12 ஆம் கட்டத்தில் டபிள்யூ என்னும் குறியீட்டுடன் காணப்படும் தொகையில், ஊதியத்திலிருந்து வரிக்கு முன் பிடிக்கப்பட்ட ஊழியரின் பணமும் அடங்கும். அதனைத் தமது தனிப் பங்களிப்பாக 8889 ஆம் படிவத்தில் மீண்டும் எழுதினால் கணக்கு இரட்டிப்பாகும்.

திருத்தமும் வரியும்

தனிநபர் வரம்புடைய ஒருவரின் கணக்கில் 2025 இல் 5,000 டாலர் சேர்ந்ததாகக் கொள்வோம். மிகை 700 டாலர். அதனை, அதன்மீது ஈட்டிய வருவாயுடன், வரி அறிக்கைக்கான இறுதி நாளுக்குள் (நீட்டிப்புக் காலமும் உட்பட) எடுத்துவிட்டால் அபராத வரி இல்லை. அந்த 700 டாலருக்கு வரிக்கழிவு கோரமுடியாது. நிறுவனத்தின் வழியாக வரியின்றிச் சேர்ந்திருப்பின், 2025 இன் பிற வருமானமாக அதனைக் காட்டவேண்டும். ஈட்டிய வருவாயோ எடுக்கப்பட்ட ஆண்டின் வருமானமாகும். எனவே 2026 இல் எடுத்தவருக்கு 1099-எஸ்ஏ படிவம், 2 என்ற குறியீட்டுடன், 2027 தொடக்கத்தில்தான் கிடைக்கும். இந்த இடைவெளியே பலரைக் குழப்புகின்றது.

எடுக்காது விட்டால் 5329 ஆம் படிவத்தின் மூலம் 6 விழுக்காடு, அதாவது 42 டாலர், வரியாகச் செலுத்த வேண்டும். மிகை நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இது தொடரும். எனினும் 2026 இல், 4,400 டாலர் வரம்பிற்கு 3,700 டாலர் மட்டும் செலுத்தினால், பழைய மிகை அவ்வரம்பிற்குள் அடங்கிவிடும். 2025 க்கான 42 டாலர் மட்டும் திரும்பாது.

கலிபோர்னியாவும் நியூ செர்சியும் தம் மாநில வருமான வரியில் இக்கணக்கின் சலுகைகளை ஏற்பதில்லை. அங்கு வாழ்வோர் மாநில அறிக்கையைத் தனியே கணக்கிடவேண்டும்.