மசக்கைக்கு விடுப்பு உண்டா?

மசக்கை என்றதும் சினிமா நமக்குக் காட்டுவது மாங்காய்க் கீற்றும் வெட்கச் சிரிப்பும்தான். வெறும் வயிற்றோடு விடியலில் நடவுக்குப் போய், குமட்டினால் வரப்பேறி வாந்தியெடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குகிற நம் பெண்களின் மசக்கை அதில் இல்லை. பாதியில் வீடு திரும்பினால் அன்றைய கூலி போச்சு.

பேறுகாலத்தை உரிமைப் பிரச்சினையாக மாற்றிய வரலாற்றில் 1928 முக்கியமான ஆண்டு. ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா பம்பாய் சட்ட மேலவையில் விவாதத்துக்கு வந்தபோது, பாபாசாகேப் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். பெண்களை வேலைக்கு வைப்பதால் முதலாளிக்கு ஆதாயம் இருக்கிறது, ஆகவே செலவிலும் அவருக்குப் பங்கு உண்டு என்றார். கருணையைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டார். 1929இல் சட்டம் வந்தது. 1943இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக, சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சட்டத்துக்கும் திருத்தம் கொண்டுவந்தார்.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாமே பிரசவ நாளை மையமாக வைத்து வாரங்களை எண்ணின. வாந்தியோ பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கி, மூன்று மாதம் வரை பாடாய்ப் படுத்தும். வயிறு தெரியாத அந்த நாட்களில் சட்டத்தின் கண்ணுக்கு அவள் கர்ப்பிணியே இல்லை. 1961 மத்தியச் சட்டம் கொஞ்சம் நகர்ந்தது. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு ஒரு மாதம் வரை சம்பளத்துடன் கூடுதல் விடுப்பு என்று 10ஆம் பிரிவில் எழுதியது. ஆலை, சுரங்கம், தோட்டம் அதில் வந்தன. வயல் வரவில்லை. வயலில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமும் நெடுங்காலம் இதைப் பெண்ணின் மனக்கோளாறு என்றே சந்தேகித்தது. மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மாத்திரை 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. கரு சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனே கடும் வாந்திக்கு முக்கியக் காரணம் என்று 2023இல்தான் உறுதியாக நிறுவினார்கள். 'நடிக்கிறா' என்று சொன்ன மேஸ்திரிகள் இதைப் படிக்கப் போவதில்லை. நாம் படிக்கலாம்.

வயிறு காலியாகக் கிடந்தால் குமட்டல் கூடும். எழுந்தவுடன் காய்ந்த ரொட்டியோ பொரியோ கொஞ்சம், பிறகு கஞ்சியும் தண்ணீரும் அடிக்கடி சிறிது சிறிதாக என்பது பலருக்குத் தாங்குகிறது. பாதுகாப்பான மாத்திரைகளும் இன்று உண்டு, மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம். குடித்த தண்ணீரும் நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது, தலை சுற்றுகிறது என்றால் அது மசக்கைதானே என்று விட்டுவிடக் கூடாது. அன்றே மருத்துவமனை, குளுக்கோஸ்.

நம் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்றது. பேருந்து ஏறினாலே குடல் புரளுகிற அதே 12 வாரம்! உங்கள் தெருவில் யார் இன்னும் பதியவில்லை என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போங்கள்.