வேலிக்கு வெளியே நின்றவன் பார்த்த இரண்டு மைதானங்கள்

"அந்தப் பழைய மைதானம் மாதிரி வருமா?"

லண்டனில் இந்தக் கேள்வியை இரண்டு கூட்டத்தாரிடம் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஈஸ்ட் ஹாமில் சனிக்கிழமை இரவுகளில் கூடி ஊர்க்கதை பேசும் யாழ்ப்பாணத்தவர்கள். மற்றது, வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் உதைபந்தாட்ட அணியின் வெள்ளைக்கார ரசிகர்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஏக்கத்தோடுதான் கேட்கிறது. இரண்டு இடத்திலும் நான் மூலையில் இருந்தவன். இரண்டு இடத்திலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. தாமதமாக வந்த அந்தப் பதில்தான் இது.

முதலில் ஊர் மைதானம். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று. பின்னேரங்களில் அங்கே உதைபந்தாட்டம் நடக்கும். நாங்கள் வேலிக்கு வெளியே பனைகளுக்குக் கீழே நின்று பார்ப்போம். பந்து வேலி தாண்டி வந்தால் எடுத்து எறிவோம். அந்த ஒரு விநாடிதான் பந்து எங்கள் கையில். உள்ளே இருந்து, "டேய், கெதியாய் எறியடா" என்று சத்தம் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைய 1966க்குப் பிறகு எங்கள் ஆட்கள் அடிபட்டும் உயிர்விட்டும் போராடினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது வரலாற்றில் இருக்கிறது. மைதான வேலியைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது அவ்வளவு சின்ன விசயம்!

1989இல் அகதியாக லண்டன் வந்தேன். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. நான்கு பேர், இரண்டு மெத்தை. அறையில் மூத்தவர் சொன்ன முதல் புத்திமதி இது: "தம்பி, சனிக்கிழமை மட்ச் எண்டால் மத்தியானத்துக்கு முன்னம் சாமான் வாங்கிப்போட்டு வந்திடும். பிறகு கதவைத் திறக்காதையும்." மைதானம் எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்போம். ஒரு கோல் விழுந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மறுபடியும் வேலிக்கு வெளியே!

அந்த மைதானத்தின் கதை தொழிலாளர் கதைதான், அதை மறுக்கக் கூடாது. 1895இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் தொழிற்சாலையில் தொடங்கிய அணி அது. 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் ஆனது. 1904இல் அப்டன் பார்க்கில் போலின் மைதானத்துக்கு வந்தது. அணியின் சின்னத்தில் குறுக்கே கிடக்கும் இரண்டு சுத்தியல்கள், கப்பல் தகட்டில் ஆணி அறைந்தவர்களின் சுத்தியல்கள். 1912இல் தொழிற்சாலை மூடப்பட்டது. சுத்தியல் மட்டும் மிஞ்சியது. 1944இல் ஜெர்மன் பறக்கும் குண்டு மைதானத்தின் மூலையில் விழுந்தது. திருத்திக்கொண்டு மறுபடி ஆடினார்கள். 1970இல் ஒரு ஆட்டத்துக்கு 42,322 பேர் வந்தார்கள். அவர்களில் துறைமுகத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆனால் இதே துறைமுகத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர்தான் 1968 ஏப்ரலில், குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய ஈனக் பவலை ஆதரித்துப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனவர்கள். அதே ஆண்டு பெர்முடாவிலிருந்து கிளைட் பெஸ்ட் என்ற கறுப்பு இளைஞர் வெஸ்ட் ஹாமுக்கு வந்து சேர்ந்தார். மைதானத்துக்குள் வரும்போது முகத்தில் அமிலம் வீசுவோம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். 1972 ஏப்ரல் 1ஆம் திகதி டொட்டன்ஹாமுக்கு எதிராக பெஸ்ட், ஏட் கோக்கர், கிளைவ் சார்ல்ஸ் என்று மூன்று கறுப்பர்கள் ஒரே அணியில் இறங்கினார்கள். வெஸ்ட் ஹாம் 2-0 என்று வென்றது. பிறகு அந்த மைதான வாசலிலேயே நேஷனல் ஃப்ரண்ட் கட்சிக்காரர்கள் நின்று இனவாதப் பத்திரிகை விற்றார்கள். 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அக்தர் அலி பேக் என்ற ஆசிய இளைஞனை மொட்டைத்தலைக் கும்பல் குத்திக் கொன்றது. எங்கள் அறைக்காரரின் புத்திமதி சும்மா வந்ததில்லை. அது அந்த வட்டாரத்தின் வரலாற்றிலிருந்து வந்தது.

இனி நான் உள்ளே போன கதை. வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். 1981இல் துறைமுகம் மூடியபோது வேலை போனவர். 1968 ஊர்வலத்தில் தானும் நடந்ததாக ஒருநாள் என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உன்னைப் பார்த்ததில்லையே அப்போது" என்றார். அது மன்னிப்பா, சாக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 1992 தொடக்கத்தில் அவர்தான் என்னை நோர்த் பாங்க் பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஆசனம் கிடையாது. கொங்கிரீட் படிகளில் நெருக்கி நிற்க வேண்டும்.

கோல் ஒன்று விழுந்தது. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் என்னைக் கட்டிப் பிடித்தான். அவன் வியர்வை என் முகத்தில். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் ஊரில் என் நிழல் பட்டதற்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், தோழர்களே. இங்கே ஒருவன் என்ன ஏது என்று கேளாமல் தொடுகிறான். பத்து நிமிடம் கழித்து எதிரணியின் கறுப்பு ஆட்டக்காரரிடம் பந்து போனது. என்னைக் கட்டிப் பிடித்த அதே வாய் குரங்குச் சத்தம் போட்டது. கிழவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய மைதானம் என்றால் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் சொல்பவன் பொய் சொல்கிறான்.

பழைய மைதானங்கள் ஆட்களைக் கொன்றும் இருக்கின்றன. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் பழைய மரக்கூடம் எரிந்து 56 பேர் செத்தார்கள். இருக்கைக்குக் கீழே வருசக்கணக்காகச் சேர்ந்த குப்பையில் பற்றிய தீ. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பிக் கூண்டுக்குள் நசுங்கியவர்களின் தொகை இறுதியில் 97 ஆனது. 'குடித்துவிட்டு வந்தார்கள், கதவை உடைத்தார்கள்' என்று பொலிசும் பத்திரிகையும் செத்தவர்கள் மேலேயே பழி போட்டன. அந்தப் பழி பொய், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று ஜூரிகள் சொல்ல 2016 வரை, 27 வருசம் பிடித்தது. செத்தவன் மேலேயே வழக்குப் போடும் வேலை நமக்குப் புதுசில்லை. கீழ்வெண்மணியும் தாமிரபரணியும் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் ஆசனம் வேண்டும் என்றது. அதே அறிக்கை, ஆசனம் வந்தால் விலை ஏழைக்கு எட்டாமல் போக வேண்டியதில்லை என்றும் சொன்னது. கிளாஸ்கோவில் 6 பவுணுக்கு ஆசனம் கிடைப்பதை உதாரணமாகக் காட்டியது. முதலாளிகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். வெஸ்ட் ஹாம் நிர்வாகம் 1991இல் 'பொண்ட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சீசன் டிக்கெட் வாங்கும் உரிமையைப் பெறுவதற்கே 500 பவுணிலிருந்து 975 பவுண் வரை கட்டவேண்டும். டிக்கெட் விலை வேறு! ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் குந்தியிருந்து அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். ஆனால் விலையேற்றத்தைத் தோற்கடிக்க முடியவில்லை. உயிரைக் காக்க வந்த சட்டத்தின் முதுகில் ஏறிப் பணம் உள்ளே வந்தது. கிழவர் 1990களின் கடைசியில் போவதை நிறுத்திவிட்டார். ரேடியோவில் கேட்டார்.

2016 மே 10ஆம் திகதி போலின் மைதானத்தில் கடைசி ஆட்டம். மன்செஸ்டர் யுனைட்டெட்டை 3-2 என்று வென்றார்கள். பிறகு ஸ்ட்ராட்ஃபோர்டில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்துக்குக் குடிபோனார்கள். 99 வருசக் குத்தகை. ஆண்டு வாடகை தொடக்கத்தில் 25 லட்சம் பவுண் அளவில். ஓட்டப்பந்தய அரங்கை உதைபந்துக்கு மாற்ற ஆன செலவு 32 கோடிப் பவுணுக்கு மேல். அதில் கழகம் கொடுத்தது ஒன்றரைக் கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி பொதுப்பணம். ஆட்டக்காரர் தூரத்தில் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள், சத்தம் கூரையோடு போய்விடுகிறது, பக்கத்து ஆள் யாரென்று தெரியவில்லை: இவைதான் ரசிகர்களின் முறைப்பாடு. 2018 மார்ச்சில் பேர்ன்லியிடம் தோற்ற ஆட்டத்தில் ஒருவர் மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டுபோய் நடு மைதானத்தில் நாட்டினார். நிலம் எங்களுடையது என்று அர்த்தம்.

ஆனால் அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தது? இதை ரசிகர்கள் அதிகம் கேட்பதில்லை. ஒலிம்பிக் பூங்காவுக்காக 2007இல் க்ளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 400க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த இடம். நாடோடி இனத்தவரின் இரண்டு முகாம்கள் அகற்றப்பட்டன. அதில் ஒன்று 1970களிலிருந்தே இருந்தது. நாடோடி என்று பெயர் வைத்தவர்களே அவர்களை நிலைத்த இடத்திலிருந்து துரத்தினார்கள். ஏழைகள் மரக்கறி பயிரிட்ட மேனர் கார்டன் தோட்டங்களும் போயின. இந்தப் பக்கம், இடித்த போலின் மைதானத்தில் 800க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. ஏழைக்கு அதில் பெயருக்குத்தான் இடம். வட்டாரத்து மக்கள் போராடிய பிறகே கால் பங்கு என்று ஏறியது. பழைய மைதானத்திலும் வீடில்லை, புதிய மைதானத்திலும் வீடு போச்சு!

என் மகள் இரண்டு மைதானத்தையும் பார்த்தவள். ஒருநாள் கேட்டாள்: "அப்பா, உங்கட பழைய மைதானத்திலை எனக்கு என்ன இருக்கு? புதுசிலை நானும் என்ரை சிநேகிதியும் பயமில்லாமல் போய் வாறம்."

அவள் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பயத்தைப் போக்கியது புதுக் கட்டடம் இல்லை. 1980இலேயே தொடங்கிய நியூஹாம் மொனிட்டரிங் புரஜெக்ட் தெருத்தெருவாகத் தாக்குதல்களைப் பதிவுசெய்து போராடியது. ஆசிய இளைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். 1991இல் மைதானத்தில் இனவாதக் கோஷம் போடுவது சட்டப்படி குற்றமானது. 1993இல் உதைபந்தாட்டத்திலிருந்து இனவாதத்தை விரட்டும் இயக்கம் தொடங்கியது. இதெல்லாம் பழைய மைதானம் நிற்கும்போதே நடந்த வேலை. கொங்கிரீட்டுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கக் கூடாது என்று மகளுக்குச் சொன்னேன். "அப்ப ஏன் நீங்கள் அழுதனீங்கள், இடிக்கேக்கை?" என்றாள். ஆம், அழுதேன். என்னை அறியாதவன் ஒருவன் முதன்முதலாகத் தொட்ட இடம் அது.

பழையதை இடித்துத்தான் ஆகவேண்டுமா என்றால், அதுவும் இல்லை. லிவர்பூலில் எவர்ட்டன் கழகம் 1892இலிருந்து ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025இல் ஆற்றங்கரையில் 52 ஆயிரம் பேருக்கான புது மைதானத்துக்குப் போனது. குடிசனையும் இடிப்பதாகத்தான் திட்டம். பிறகு மாற்றினார்கள். இப்போது அது எவர்ட்டன் பெண்கள் அணியின் மைதானம். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1921இல் பெண்களைக் கழக மைதானங்களுக்குள் ஆடவிடாமல் தடைசெய்தது, அதற்கு முந்தைய டிசம்பரில் இதே குடிசனில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 50 ஆயிரம் பேர் வந்திருந்த பிறகு. வெளியே தள்ளப்பட்டவர்கள் கையில் அதே மைதானம் நூறு வருசம் கழித்து வந்திருக்கிறது. பழைய மைதானத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை இதுவென்று நினைக்கிறேன்.

கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பதில் சொன்னார். ஊரின் அழகைப் பாடுகிறவன் ஊருக்கு நடுவில் இருந்தவன். சேரியிலிருந்து பார்த்தவனுக்கு ஊர் வேறு. அதற்காக, எல்லாவற்றையும் இடித்து மாளிகை கட்டுகிறவனும் நம் ஆள் இல்லை. அவன் முதலில் இடிப்பது சேரியைத்தான். எது அழகு என்பது இரண்டாவது கேள்வி. யார் உள்ளே, யார் வெளியே, யாரைக் கேட்டு இடித்தார்கள்: இதுதான் முதல் கேள்வி.

போன வருசம் ஈஸ்ட் ஹாமில் மறுபடியும் ஊர்க்கதை. ஒருவர் பெருமூச்சு விட்டார்: "எங்கட பள்ளிக்கூட மைதானம் மாதிரி வருமே!" இந்த முறை நான் பேசினேன்.

"ஓம் அண்ணை. எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. வேலிக்கு வெளியிலை வாற பந்தை எடுத்துத் தந்தது நான்தான்."

யாரும் பேசவில்லை. ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அண்ணை கேட்டார்: "உம்மடை பெயர் என்ன எண்டு சொன்னனீர்?"

பத்து வருசமாக ஒரே மேசையில் இருக்கிறோம். பெயரைச் சொன்னேன்.