மார்கழி பனியில் பைக் ஓட்டுறீங்களா? கை விறைக்காம இருக்க எந்த கிளவுஸ் வாங்கணும்? முழு விவரம் இதோ!

சேலம், நாமக்கல் பக்கம் வெயிலுக்குத்தான் பேர். ஆனா மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பைக் எடுப்பவர்களைக் கேட்டால் கதையே வேற. பால் ஊற்றுபவர், பேப்பர் போடுபவர், உழவர் சந்தைக்குக் காய் கொண்டு போகும் விவசாயி, கோழிப்பண்ணைக்கும் மில்லுக்கும் முதல் ஷிப்ட் போகிறவர் என எல்லோருக்கும் முதலில் விறைப்பது கைவிரல்தான்.

20 டிகிரிக்கே ஏன் விரல் மரத்துப்போகுது?

சமவெளியில் இந்த மாதங்களில் அதிகாலை வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். நடந்து போனால் இது பெரிய குளிர் இல்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கையைச் சுற்றியுள்ள சூட்டைக் காற்று நொடிக்கு நொடி அள்ளிக்கொண்டு போகிறது. உடலின் மையப் பகுதியைச் சூடாக வைக்க, விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைந்ததும் விரல் மரத்துப்போகிறது.

இதில் என்ன ஆபத்து?

மரத்த விரலுக்கு பிரேக் லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதமானால், பனியில் முன்னால் நிற்கும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த அந்த 14 மீட்டர் போயிடும்.

மலை ஏறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சேலம் நகரத்தை விட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படின்னா ஏற்காட்டில் 7, 8 டிகிரி கூடுதல் குளிர். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையில் 70 வளைவுகளிலும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

கம்பளி கிளவுஸ் போதாதா?

ரோட்டோரம் கிடைக்கும் கம்பளி கிளவுஸ் நின்றால் சூடு கொடுக்கும், ஓட்டினால் கொடுக்காது. பின்னல் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போயிடும். பனியில் நனைந்தால் இன்னும் மோசம். ஆக்சிலேட்டர் கிரிப்பிலும் லிவரிலும் வழுக்கும். கீழே விழுந்து கையை ஊன்றினால் உடனே கிழிந்துவிடும்.

அதை வீசிவிட வேண்டாம். மெல்லிய கம்பளி என்றால், அதன் மேல் சற்று பெரிய தோல் கிளவுஸ் போடலாம். சூட்டை உள்ளே இருப்பது பிடிக்கும், காற்றை வெளியே இருப்பது தடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• காற்றுத் தடுப்பு: நம்ம ஊர் குளிருக்கு தடிமனான பஞ்சு தேவையில்லை. காற்று புகாத வெளித்துணி அல்லது தோல், உள்ளே மெல்லிய லைனிங் போதும். கிளவுஸில் வாயை வைத்து ஊதிப் பாருங்க. காற்று உள்ளே வந்தால் வேண்டாம்.

• அளவு: கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான பகுதியைச் சுற்றி டேப் வைத்து அளக்கணும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும். தொளதொளவென இருந்தால் லிவரில் துணி மடங்கி மாட்டும்.

• மணிக்கட்டு: ஒட்டும் பட்டி இருக்கணும். பட்டியைப் போட்ட பிறகு விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்று வரக்கூடாது. ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் இடையே இடைவெளி இருந்தால் குளிர் அங்கேதான் நுழையும்.

• பாதுகாப்பு: உள்ளங்கையில் இரட்டைத் தோல், விரல் முட்டியில் கெட்டியான உறை நல்லது. இ.என். 13594 என்று அச்சிட்டிருந்தால், அது பைக் கையுறைக்கான ஐரோப்பிய தரம்.

• சோதனை: கிளவுஸ் போட்டு உங்க வண்டியிலேயே உட்கார்ந்து பிரேக், கிளட்ச், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் இயக்கிப் பாருங்க. ஸ்விட்ச் தட்டுப்படவில்லை என்றால் அது உங்களுக்கான கிளவுஸ் இல்லை.

பேட்டரியில் சூடாகும் கிளவுஸ் இந்தப் பகுதிக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல ஜாக்கெட் வாங்கலாம். நெஞ்சு சூடாக இருந்தால்தான் கைக்கு ரத்தம் வரும்.

செய்யக்கூடாதது

மரத்துப்போன கையை இன்ஜின் மேலோ, சைலன்சர் மேலோ வைக்காதீங்க. உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்துவிடும். வண்டியை ஓரம் கட்டி, கையை அக்குளில் சில நிமிடம் வைத்தாலே போதும். சர்க்கரை நோயால் கை மரத்துப்போகும் பிரச்சனை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். குளிரில் விரல் அடிக்கடி வெள்ளையாகவோ நீலமாகவோ மாறினால் டாக்டரைப் பாருங்க.

நனைந்த கிளவுஸை நிழலில் காய வையுங்க. வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். ஹெல்மெட் போல கிளவுஸுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஹெல்மெட்டோடு சேர்த்தே மாட்டி வைத்தால், அவசரத்தில் மறக்காது.